எத்தனை சென்ரிமீற்றர்

தேனுகன் தந்த நோட்ஸில் பத்துப் படிகள்.
படிக்கொரு நொதியம்,
ஒவ்வொன்றுக்கும் முழங்கை நீளத்தில் பெயர்.
பரந்தன் வகுப்பில் சேர் சொன்னார்:
'பேரெல்லாம் வேண்டாம் பிள்ளையள்,
வரவு செலவு தெரிஞ்சாக் காணும்.'
வளநூலில் மொத்தமே ஒன்றரைப் பக்கம்,
அதிலும் பாதி படம்.

எனக்கு இது இரண்டாம் தடவை.
போன முறை இசட் புள்ளி
தசமத்துக்குப் பிறகு வந்த இலக்கங்களில் கவிழ்ந்தது.
அவை எந்தப் படியில் வழுக்கினவென்று
யாரிடம் போய்க் கேட்பது?

கண்டாவளையில் விடியப்புறம் மூன்றரை.
விளக்கடியில் ராத்திரி செத்த ஈசல்களின் இறகு.
ஊதினால் கொப்பிக்குள் போகும், அதனால் ஊதாமல்
குளுக்கோசை உடைக்கிறேன்.
ஆறு காபன், பிளந்தால் மூன்றும் மூன்றும்.
நாலு ஏ.ரி.பி. வரவு. இரண்டு முதலிலேயே செலவு.
கையில் மிச்சம் இரண்டு.
மாசக் கடைசியில் எங்கள் வீடும் இப்படித்தான்.

பழைய பதிப்பில் ஒரு குளுக்கோசுக்கு முப்பத்தெட்டு.
புதியதில் முப்பத்திரண்டு.
இடையில் ஆறு எங்கே போனதென்று
ஓர் அடிக்குறிப்பும் இல்லை.
இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு
எண்ணிக்கை ஆளுக்காள் மாறுவது புதினமில்லை.
ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
ஆறு.

நிரோஜினிக்கு நாலரைக்கு வான்.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை.
சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி கேட்டாள்:
'இன்னும் அந்த மூச்சுப் பாடமோடி?'
மூன்று நாளாய் அதேதான் என்றேன்.
எவ்வளவு ஆழத்துக்குப் போறதெண்டு தெரியேல்லை என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு.
அவளிடம் அதற்குத் தாள் இருக்கிறது.
இத்தனை சென்ரிமீற்றர் என்று அச்சடித்து,
கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.
எனக்கும் அப்படி ஒரு தாள் தரக்கூடாதா?

சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே
எந்த வருட வினாத்தாளிலும் இல்லாத ஒன்றைக் கேட்டாள்:
'கம்பி மண்ணுக்குள்ள எதிலயோ முட்டேக்க
நான் மூச்சை நிப்பாட்டிப் போடுவன்.
தெரிஞ்சு செய்யிறேல்லை, தானா நிக்கும்.
அப்ப உள்ளுக்க ஆர் வேலை செய்யிறது?'

வாயைத் திறந்தேன்.
பத்து நொதியமும் தொண்டையில் வரிசையாய் நின்றன.
ஒன்றும் அவளுக்கு உதவாது.
'ரத்தத்தில இருக்கிற ஒட்சிசன் கொஞ்ச நேரம் காணும்.
அதுகும் குறைஞ்சா, முதல் பாகம் மட்டும் ஓடும்.
அதுக்குக் காத்துத் தேவையில்லை.'
'எவ்வளவு நேரம் ஓடும்?'
'தெரியாது.'
'பாடத்தில இல்லையோ?'
'இல்லை.'

வான் கோன் அடித்தது.
படலையைச் சாத்தாமலே போனாள்.
நாய் அவளுடன் மதகுவரை போய்த் திரும்பியது.

பிறகு தேனுகனின் தாள்களை மறுபடி விரித்தேன்.
மூன்றாம் படியில் ஒரு நொதியம்.
ஏ.ரி.பி. நிறைந்துவிட்டால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்.
பத்துப் பேரில், போதும் என்று சொல்லத் தெரிந்த ஒன்று.
அதன் பெயரை மட்டும் பாடமாக்கினேன்,
பொஸ்போபிறற்றோகைனேசு,
பொஸ்போபிறற்றோகைனேசு,
நாக்கு இடறாத வரைக்கும்.
மற்ற ஒன்பதையும் மடித்து
மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தேன்.
மேசை ஆடுவது நின்றது.

கிரெப்சின் வட்டத்துக்குள் போகுமுன்
மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்.
இருபதில் காது சூடானது.
முப்பதில் கடிகாரத்தைப் பார்த்தேன்.
வான் இந்நேரம் ஆனையிறவைத் தாண்டியிருக்கும்.
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
ஈசல் இறகுகள் எழும்பி
ஒன்றரைப் பக்கத்திலும் விழுந்தன.

ஆறுக்குக் கீழே எழுதினேன்:
நாற்பத்தொன்று.
இது பரீட்சைக்கு வராது.